இரண்டு எஞ்சின் விமானம்: எதில் பறந்து மணி சேர்ப்பது?

ஹட் பேயில் குடியிருக்கும் நமக்கு இரண்டு எஞ்சின் என்பது புத்தகத்தில் மட்டும் படித்த சங்கதி அல்ல. கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுபோன நாட்களில், அவசர நோயாளியைப் போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பர் முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஏற்றிச் செல்ல வந்து இறங்கும் ஹெலிகாப்டரை நாம் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். பவன் ஹன்ஸ் நிறுவனம் தீவுகளுக்கிடையே பல ஆண்டுகள் பறக்கவிட்ட டாஃபின் வகை ஹெலிகாப்டருக்கு இரண்டு எஞ்சின். கடல்மேல் போகிற வண்டி. ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற ஏற்பாடு அது.

அந்த ஹெலிகாப்டரைப் பார்த்தே வளர்ந்த ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து முடித்து, விமானி ஆகவேண்டும் என்று நிற்கிறாள். அவளுடைய அப்பா பஜாரில் கடை வைத்திருப்பவர். ஒருநாள் என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு ஏஜெண்டு சொல்றாரு, வெளிநாடு போயி ரெட்டை எஞ்சின்ல நூறு மணி நேரம் ஓட்டிட்டு வந்தா உடனே வேலையாம். ஊர்ல இருக்குற நிலத்தை வித்துடலாமான்னு பாக்குறேன். எந்த பிளேன்ல ஓட்டச் சொல்றது?" என்று கேட்டார். விமானங்களுக்குப் பக்கத்தில் நின்று பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். அவருக்கு அன்று வாய்மொழியாகச் சொன்னதை, மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இந்த மலரில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மணி என்றால் என்ன?

விமானியின் அனுபவம் மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. ஒவ்வொரு பறத்தலையும் தேதி, விமானம், நேரம் என்று ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். 'லாக் புக்' என்பார்கள். நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் (டி.ஜி.சி.ஏ.) வணிக விமானி உரிமம் கொடுப்பதற்கு மொத்தம் 200 மணி பறந்திருக்க வேண்டும் என்கிறது. அதில் 100 மணி, விமானத்துக்குப் பொறுப்பான தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் போகும் பறத்தல், இரவுப் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு.

இந்த 200 மணியில் பெரும்பகுதி ஒற்றை எஞ்சின் விமானத்தில்தான் கழியும். பல பயிற்சிப் பள்ளிகளில் இரட்டை எஞ்சினுக்கு ஒதுக்குவது சுமார் 15 மணி. காரணம் செலவு. இரண்டு எஞ்சின் என்றால் எரிபொருள் இரண்டு மடங்கு, பராமரிப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே மாணவரின் மொத்தச் செலவில் ஒரு மணிக்கு அதிகம் விழுங்குவது இந்த இரட்டை எஞ்சின் மணிதான். எதில், எத்தனை மணி என்று யோசிக்காமல் பணம் கட்டினால் நிலம் போய்விடும், வித்தை வந்திருக்காது.

ஒரு எஞ்சின் நின்றால் என்ன ஆகிறது?

ஹெலிகாப்டரில் இரண்டு எஞ்சினும் ஒரே பற்சக்கரப் பெட்டியில் சேர்ந்து, தலைக்கு மேலே ஒரே விசிறியைச் சுற்றுகின்றன. ஒன்று நின்றால் பலம் குறையும். வண்டி பக்கவாட்டில் இழுக்காது. விமானத்தில் அப்படி அல்ல. இடது இறக்கையில் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று. டோங்கியில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் துடுப்புப் போடும்போது ஒருவர் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? படகு அவர் பக்கமே திரும்பும். விமானமும் அப்படித்தான், செத்த எஞ்சின் பக்கம் மூக்கைத் திருப்பிச் சாயப் பார்க்கும். விமானி எதிர்ப்பக்கக் காலால் பெடலை அழுத்தி, வால் சுக்கானைத் திருப்பி நேராக வைக்க வேண்டும்.

வால் சுக்கானுக்கு வேகம் வேண்டும். காற்று வேகமாக ஓடினால்தான் அது வேலை செய்யும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போய்விட்டால், பெடலை முழுசாக மிதித்தாலும் விமானம் அடங்காது, கவிழ்ந்துவிடும். அந்த வேகத்தை வேகமானியில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். ஒரே எஞ்சினில் நன்றாக மேலேறக்கூடிய வேகத்துக்கு நீலக் கோடு. இரட்டை எஞ்சின் பயிற்சியின் சாரமே இந்த இரண்டு கோடுகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான்.

இன்னொரு விஷயம். இரண்டில் ஒன்று போனால் பலம் பாதியாகும், ஏறும் வேகமும் பாதியாகும் என்று நாம் நினைப்போம். அது தப்புக் கணக்கு. விமானம் மட்டமாகப் பறப்பதற்கே பலத்தில் பெரும் பங்கு செலவாகிறது; மிச்சம் இருப்பதுதான் ஏற உதவுகிறது. பாதியை எடுத்துவிட்டால் மிச்சம் அநேகமாகத் தீர்ந்துவிடும். பைப்பர் செமினோல் என்ற பயிற்சி விமானம் கடல் மட்டத்தில் இரண்டு எஞ்சினோடு நிமிடத்துக்கு 1,200 அடிக்கு மேல் ஏறும். ஒரு எஞ்சினில் 200 அடி அளவுதான். அதுவும் புது விமானம், நல்ல விமானி, குளிர்ந்த காற்று என்று எல்லாம் கூடிவந்தால். நம் தீவு வெயிலில், முழுப் பாரத்தோடு இன்னும் குறையும். இந்த ரகச் சின்ன விமானங்களில் பல, ஒரே எஞ்சினில் ஏறியே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலே சான்றிதழ் வாங்கியவை.

ஆகவே இரண்டாவது எஞ்சின் தானாகவே காப்பாற்றும் என்பது பாதி உண்மை. அதைப் பயன்படுத்தத் தெரிந்த கையும் காலும் இருந்தால்தான் அது முழு உண்மை.

நல்ல எஞ்சினை நிறுத்திய கதை

2015 பிப்ரவரி 4ஆம் தேதி தைவான் நாட்டின் தைபே நகரில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72-600 விமானம் புறப்பட்ட சில நிமிடங்களில் ஆற்றில் விழுந்தது. இருந்த 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். வலது எஞ்சினின் விசை துண்டிக்கப்பட்டது. ஆனால் விமானி நிறுத்தியது நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினை. அனுபவமுள்ள விமானிகள் இருந்த விமானம் அது. பதற்றத்தில் கை தப்பான லீவருக்குப் போய்விட்டது.

இதற்காகத்தான் பயிற்சியில் ஒரு வரிசை கற்றுக் கொடுக்கிறார்கள். முதலில் விமானத்தை நேராக வை, வேகத்தை விடாதே. பிறகு எது செத்தது என்று கண்டுபிடி: பெடலில் எந்தக் கால் வேலையில்லாமல் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் செத்தது. பிறகு அந்த எஞ்சினின் லீவரை மெல்லப் பின்னுக்கு இழுத்து, விமானத்தின் போக்கில் மாற்றம் இல்லையா என்று சரிபார். அதற்கப்புறம்தான் அதை நிறுத்தி, விசிறியின் இதழ்களைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பு. இதை 'ஃபெதர்' செய்வது என்பார்கள். திருப்பாவிட்டால் நின்ற விசிறியே பலகை மாதிரி காற்றைத் தடுத்து விமானத்தை இழுக்கும்.

படித்தால் நாலு வரி. பத்து விநாடியில் செய்யவேண்டும் என்றால் கைக்குப் பழக்கம் வேண்டும். ஆகவே இரட்டை எஞ்சின் மணிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அந்த மணிக்குள் இந்தப் பயிற்சி எத்தனை முறை நடந்தது என்பதிலிருந்து வருகிறது. சும்மா நேராக நூறு மணி பறந்து போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவரை விட, 15 மணியில் நாற்பது தடவை இந்த வரிசையைச் செய்தவர் தேறியவர்.

எந்த விமானம்?

மாணவருக்குக் கிடைக்கக்கூடியவற்றில் முக்கியமான ஐந்தைப் பார்ப்போம்.

பைப்பர் செமினோல்: நான்கு இருக்கை. 180 குதிரைத் திறன் கொண்ட இரண்டு லைக்கமிங் எஞ்சின்கள். இதில் இரண்டு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுழலும். இரண்டும் ஒரே திசையில் சுழலும் விமானத்தில் ஏதாவது ஒரு பக்க எஞ்சின் நின்றால் இழுவை அதிகமாக இருக்கும். அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களில் பொதுவாக அது இடது எஞ்சின். செமினோலில் அந்த வித்தியாசம் இல்லை. தவறை மன்னிக்கும் குணமுள்ள விமானம். வெளிநாட்டுப் பள்ளிகளில் அதிகம் காணலாம்.

பைப்பர் செனிகா: இதுவும் எதிரெதிர்ச் சுழற்சிதான், ஆனால் ஆறு இருக்கை, பாரம் அதிகம். 1970களின் நடுவில் வந்த இரண்டாம் வகையிலிருந்து டர்போ எஞ்சின். எஞ்சினைப் பக்குவமாக ஓட்டவேண்டும். மாணவர் கை முரடாக இருந்தால் பராமரிப்புச் செலவு ஏறும்.

பார்ட்டெனாவியா பி68சி: இதில் நம் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1990களில் ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் இத்தாலிய நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து இந்த விமானத்தைத் தயாரித்தது. இந்தியாவில் தனியார் துறை விமானத் தயாரிப்பில் இறங்கிய முன்னோடி முயற்சி அது. மேலே இறக்கை, மடக்காத சக்கரம், தலா 200 குதிரைத் திறன். சக்கரத்தை இறக்க மறந்து தரையிறங்கும் ஆபத்து இல்லை. ஆனால் சக்கரம் மடக்கிப் பழகும் வாய்ப்பும் இல்லை.

டெக்னம் பி2006டி: பி68ஐ வடிவமைத்த அதே லூயிஜி பாஸ்காலேயின் வடிவமைப்பு, 2007இல் முதலில் பறந்தது. தலா 100 குதிரைத் திறன் மட்டுமே உள்ள ரோட்டாக்ஸ் எஞ்சின்கள், காருக்குப் போடும் பெட்ரோலிலும் ஓடக்கூடியவை. மணிக்கான செலவு குறைவு. பலமும் குறைவு; வெயில் நாளில் ஒரு எஞ்சினில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

டைமண்ட் டி.ஏ.42: இந்தியாவில் படிப்பவர்கள் பெரும்பாலும் சந்திக்கப்போவது இதைத்தான். உத்தரப்பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் 1985 முதல் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமி, மகாராஷ்டிரம் கோந்தியாவில் உள்ள பயிற்சி நிலையம் ஆகியவை இந்த விமானத்தைப் பயன்படுத்தியிருக்கின்றன. டீசல் தத்துவத்தில் ஓடும் எஞ்சின். ஜெட் விமானத்துக்குப் போடும் அதே எரிபொருள் போதும். பழைய பிஸ்டன் விமானங்களுக்கு வேண்டிய ஏவ்கேஸ் பெட்ரோல் நம் நாட்டில் நெடுங்காலம் இறக்குமதிச் சரக்கு. 2022இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவில் தயாரித்து வெளியிட்டது. எனவே இந்தியப் பள்ளிகள் டீசல் எஞ்சினை விரும்பியதில் ஆச்சரியம் இல்லை.

டி.ஏ.42இல் ஒரு எஞ்சினுக்கு ஒரு லீவர்தான். எரிபொருள் கலவை, விசிறியின் கோணம் எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும். பைப்பர்களிலும் பி68இலும் எஞ்சினுக்கு மூன்று என்று மொத்தம் ஆறு லீவர். ஆறு லீவரில் பழகியவர் கை எந்த விமானத்துக்கும் போகும். ஒரு லீவரில் பழகியவர் கருவிப் பறத்தலில் மனத்தை முழுசாக வைக்கலாம். இரண்டிலும் லாபம் உண்டு.

ஆனால் கணினிக்கும் ஒரு விலை உண்டு. 2007இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் ஒரு டி.ஏ.42, பேட்டரி இறங்கிய நிலையில் வெளி மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பிப் புறப்பட்டது. சக்கரத்தை மடக்கியதும் மின்னழுத்தம் விழுந்து, இரண்டு எஞ்சினும் ஒன்றாக நின்றன. எஞ்சின் இரண்டு, மின்சாரம் ஒன்று என்றால் எண்ணிக்கை ஏமாற்றும் என்பது பாடம். அடுத்த ஆண்டே, அதாவது 2008இல், அந்த எஞ்சினைச் செய்த தீலெர்ட் நிறுவனம் திவாலானது. விமானம் வைத்திருந்தவர்கள் உதிரிபாகத்துக்கு அலைந்தார்கள். பிறகு டைமண்ட் நிறுவனத்தார் ஆஸ்ட்ரோ என்ற வேறு எஞ்சினைப் பொருத்தி 2009 முதல் விமானத்தைக் கொடுத்தார்கள். ஆகவே டி.ஏ.42 என்று சொன்னால் போதாது, "எந்த எஞ்சின் போட்டது?" என்றும் கேட்க வேண்டும்.

பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை

விமானத்தின் பெயரைவிட அது எந்த நிலையில், யார் கையில் இருக்கிறது என்பது பெரிது. கட்டணம் கட்டும் மேசையில் கூச்சப்படாமல் இவற்றைக் கேளுங்கள்.

இரட்டை எஞ்சின் விமானம் எத்தனை இருக்கிறது, அவற்றில் இன்று பறக்கும் நிலையில் எத்தனை? பல பள்ளிகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது பராமரிப்புக்கு நின்றால் பிள்ளை மாதக்கணக்கில் விடுதியில் உட்கார்ந்திருப்பாள். பழகிய கையும் மறந்துபோகும்.

வரிசையில் முன்னால் எத்தனை மாணவர்கள்? இரட்டை எஞ்சின் சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ள பயிற்றுநர் எத்தனை பேர்?

எஞ்சின் நின்றால் செய்யவேண்டிய பயிற்சி எத்தனை முறை, எந்த உயரத்தில்? தரைக்கு மிக அருகில் நிஜமாகவே எஞ்சினை நிறுத்திப் பழக்கிய விபத்துகள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. தாழ்வான உயரத்துப் பயிற்சியைச் சிமுலேட்டரிலும், மற்றதைப் பாதுகாப்பான உயரத்திலும் செய்யும் பள்ளி பொறுப்பான பள்ளி.

வெளிநாட்டில் மணி சேர்த்தால் இந்திய உரிமத்துக்கு அது எப்படிக் கணக்காகும்? அமெரிக்காவில் ஒருவர் கண்ணை மறைத்துக் கருவிகளைப் பார்த்து ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் வெளியே பார்த்துக்கொள்ள, இருவருமே அந்த மணியை எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பாதிச் செலவில் முழு மணி என்று விளம்பரம் வருவது இதனால்தான். நம் டி.ஜி.சி.ஏ. விதியில் அது எடுபடுமா என்று ஏஜெண்டிடம் கேட்காமல், விதியைப் படித்தும் எழுத்து மூலமாகக் கேட்டும் உறுதி செய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

யாருக்கு எது?

பெரிய விமானக் கம்பெனியில் சேரவேண்டும் என்பது குறிக்கோளானால், உரிமத்துக்கு வேண்டிய இரட்டை எஞ்சின் மணியை டி.ஏ.42 போன்ற ஒன்றில் ஒழுங்காக முடித்தால் போதும். அதற்கப்புறம் ஏர்பஸ் அல்லது ஏ.டி.ஆர். என்று அந்தந்த விமானத்துக்கே தனிப் பயிற்சி எடுத்தாக வேண்டும். அதற்கும் பெருந்தொகை வேண்டும். கையில் இருப்பதை எல்லாம் சின்ன விமானத்தின் நூறு மணியில் கரைத்துவிட்டால் அந்த வாசலில் வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும்.

தீவுகளிலேயே பறக்கவேண்டும் என்ற ஆசை உள்ள பிள்ளைகளும் உண்டு. கடற்படையும் கடலோரக் காவல்படையும் இங்கே பயன்படுத்தும் டோர்னியர் 228, கான்பூரில் எச்.ஏ.எல். தயாரிப்பது, இரட்டை எஞ்சின். கடல் விமானத் தளங்களுக்கான உடான் திட்டப் பட்டியலில் நம் ஹட் பேயின் பெயரும் இடம்பெற்றது. 2024 நவம்பரில் விஜயவாடாவிலிருந்து ஸ்ரீசைலத்துக்குச் சோதனையாகப் பறந்து காட்டிய டுவின் ஆட்டர் கடல் விமானத்துக்கும் எஞ்சின் இரண்டு. இப்படிப்பட்ட விமானங்களில் கை வேலை அதிகம், ஓடுதளம் குட்டை, காற்று முரடு. அந்த வழிக்குப் போகிறவர்களுக்கு ஆறு லீவர் விமானத்தில் கொஞ்சம் மணி கூடுதலாக இருந்தால் நல்லது. ஆனால் அதையும் சொந்தப் பணத்தில் வாங்குவதைவிட, பயிற்றுநர் தகுதி பெற்று, சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுத்தே சேர்ப்பது புத்திசாலித்தனம். சொல்லிக்கொடுப்பவர்தான் நன்றாகக் கற்கிறார்.

நமக்கு மறக்கமுடியாத ஒரு நாளையும் இங்கே சொல்லவேண்டும். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் சென்னைக்கு 310 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டதாக 2024 ஜனவரியில்தான் அறிவித்தார்கள். அதுவும் இரட்டை எஞ்சின் விமானம்தான். கடல்மேல் பறக்கிறவர்க்கு எஞ்சின் எண்ணிக்கை ஒரு துணை மட்டுமே என்பதை நம் தீவுக் குடும்பங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்கார அப்பாவுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, நிலத்தை விக்காதே. பாப்பா முதல்ல மருத்துவத் தகுதியைப் பாத்துக்கட்டும். அப்புறம் ஒத்தை எஞ்சின்ல உருப்படியா ஓட்டக் கத்துக்கட்டும். ரெட்டை எஞ்சினுக்கு, எந்தப் பள்ளியில விமானம் நிக்காம பறக்குதோ, எந்த வாத்தியார் திரும்பத் திரும்ப எஞ்சினை நிறுத்திப் பழக்குறாரோ, அங்க பதினஞ்சு மணி. போதும்."

புறநானூற்றின் 27ஆம் பாடல், ஓட்டுபவன் இல்லாமலே செல்லும் வானவூர்தியை நினைத்துப் பார்க்கிறது. அது புண்ணியம் செய்தவர்கள் மேலுலகம் போகும் ஊர்தி. மண்ணில் வாழ்கிற நமக்கு வேண்டியது, ஒரு பக்கம் நின்றாலும் மறு பக்கத்தைக் கொண்டு பத்திரமாக இறக்கத் தெரிந்த வலவன். அப்படிப்பட்ட வலவர்கள் நம் தீவுத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் வரட்டும். அவர்களில் ஒருத்தி ஒருநாள் ஹட் பேயிலேயே விமானத்தை இறக்குவதைப் பார்க்க நாமும் இருப்போம்.